யார் சொல்ல வேண்டிய ஆட்சேபணை?

சாட்சிக் கூண்டில் நிற்பவன் ஐந்தாறு வாக்கியங்கள் சொல்கிறான். அவற்றில் ஒன்று பொய். எது பொய் என்று நீதிபதி சொல்லமாட்டார். பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கும் தெரியாது. விளையாடுபவர் அந்த வாக்கியங்களை முன்னும் பின்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் புரட்டிப் படிக்கலாம். கையிலுள்ள ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிடலாம். சந்தேகம் எழும் இடத்தில் சாட்சியை மடக்கிக் கேள்வி கேட்கலாம். சரியான வாக்கியத்தில் சரியான ஆதாரத்தை நீட்டினால் "ஆட்சேபணை!" என்ற முழக்கம் திரையை நிறைக்கும், பின்னணி இசை சட்டென்று அறுந்துபோகும். தப்பான ஆதாரத்தை நீட்டினால் நீதிபதியின் கண்டிப்பு. ஐந்து முறை தப்பினால் கட்சிக்காரருக்குத் தண்டனை உறுதி. கேப்காம் நிறுவனம் 2001 அக்டோபரில் கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளியிட்ட 'கியாக்குடென் சாய்பான்' இப்படித்தான் நடக்கிறது. 2005இல் நிண்டெண்டோ டிஎஸ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு 'ஃபீனிக்ஸ் ரைட்: ஏஸ் அட்டர்னி' என்று பெயர். நாயகன் ஜப்பானிய மூலத்தில் நருஹோடோ ரியுயிச்சி. உலகின் பிற பகுதிகளில் அவனை ஃபீனிக்ஸ் ரைட்டாகத்தான் தெரியும். இந்தக் கட்டுரையும் ஆங்கிலப் பதிப்பின் பெயர்களையே பயன்படுத்துகிறது.

இதை எழுதி இயக்கியவர் ஷூ டக்குமி. 'டைனோ கிரைசிஸ் 2' முடிந்த பிறகு, விரும்பியதைச் செய்து பார் என்று தயாரிப்பாளர் ஷின்ஜி மிக்காமி கொடுத்த வாய்ப்பை வைத்துக்கொண்டு, வெறும் ஏழு பேர் கொண்ட குழுவுடன் செய்த வேலை இது. அதிலிருந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2016 ஏப்ரலில், ஏ-1 பிக்சர்ஸ் தயாரிப்பில் அனிமே தொடராக ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வந்தது. முதல் பருவத்தின் 24 எபிசோடுகளில் முதல் இரண்டு விளையாட்டுகளின் கதை அடங்கியது. 2018 அக்டோபரில் தொடங்கி 2019 மார்ச்சில் முடிந்த இரண்டாம் பருவம், குளோவர்வொர்க்ஸ் தயாரிப்பில், 23 எபிசோடுகளில் மூன்றாவது விளையாட்டைச் சொல்லி முடித்தது. வழக்குகளின் முடிச்சுகள், குற்றவாளிகள், கோமாளித்தனமான சாட்சிகள், ஃபீனிக்ஸின் நீட்டிய விரல் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. கதையை மாற்றிவிட்டார்கள் என்று ரசிகர்கள் பெரிதாகக் குறைப்பட இடமில்லை. அப்படியும், விளையாடியவர்களில் பலர் இதைப் பார்த்துவிட்டு ஏதோ குறைகிறது என்றுதான் எழுந்தார்கள். என் வாதம் இதுதான்: இந்தத் தொடர் கதைக்கு விசுவாசமாக இருந்தது, அந்தக் கதை எதற்காக அந்த வடிவத்தில் எழுதப்பட்டதோ அதற்கு விசுவாசமாக இருக்கவில்லை. மூலத்தை விட்டு விலகத் துணிந்த சில இடங்களில்தான் மூலத்துக்கு அது மிக அருகில் வந்தது.

முதல் வழக்கையே எடுத்துக்கொள்வோம். ஃபீனிக்ஸின் பால்ய நண்பன் லாரி மீது கொலைக்குற்றம். உண்மைக் கொலையாளி யார் என்பதைத் தொடக்கக் காட்சியிலேயே காட்டிவிடுகிறார்கள். அமெரிக்கத் துப்பறியும் தொடரான 'கொலம்போ' மீது டக்குமிக்கு இருந்த பிரியம் அங்கேயே தெரிகிறது. யார் செய்தது என்ற கேள்விக்கு இடமில்லாமல் போவதால், அவனை எப்படிச் சிக்கவைப்பது என்ற கேள்வி மட்டும் நம் கையில் தங்குகிறது. பிணத்தைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லும் நேரத்துக்கும் பிரேதப் பரிசோதனை அறிக்கை தரும் நேரத்துக்கும் பல மணி நேர இடைவெளி. அதைச் சுட்டிக்காட்டினால், வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது, அதில்தான் நேரம் தெரிந்தது என்கிறான். அந்த நேரத்தில் அங்கே மின்சாரமே இல்லை. அதையும் நீட்டினால், கடிகாரத்தைப் பார்த்தேன் என்று மாற்றுகிறான். அந்தக் கடிகாரமோ பார்வைக்கு வெறும் சிலை. வீட்டுக்குள் போய்க் கையில் எடுத்தவனுக்கு மட்டுமே அது நேரம் சொல்லும் என்று தெரியும். கடைசியில் அந்தக் கடிகாரம் ஏன் தப்பான நேரம் காட்டியது என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அப்போது, அதுவரை எதற்கென்றே புரியாமல் பட்டியலில் கிடந்த பாஸ்போர்ட் நினைவுக்கு வருகிறது: இறந்தவள் வெளிநாட்டிலிருந்து முந்தைய நாள்தான் திரும்பியிருக்கிறாள். நான்கு பொய்கள், ஒவ்வொன்றும் முந்தையதை மூட எழுந்த பொய், ஒவ்வொன்றையும் உடைக்க ஒரு பொருள். இப்படி அடுக்கியதற்குக் காரணம் உண்டு. முதல் பொய்யை உடைக்கும்போது விளையாடுபவருக்கு விதி பிடிபடுகிறது. இரண்டாவதில் துணிச்சல் வருகிறது. நான்காவதில், யாரும் சொல்லித்தராமலே தானாக ஒரு வக்கீலைப் போல யோசிக்கிறார்.

அனிமேயில் இந்த முழு வழக்கும் ஒரே எபிசோடில் முடிகிறது. நான்கு பொய்களும் இருக்கின்றன, நான்கு பதில்களும் இருக்கின்றன. ஆனால் ஒரு பொய்க்கும் அதன் பதிலுக்கும் நடுவே நமக்கென்று எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை. சாட்சி சொல்கிறான், ஃபீனிக்ஸ் வியர்க்கிறான், பொறி தட்டுகிறது, விரல் நீள்கிறது. இருபது நிமிடத்துக்குள் நான்கு முறை இது நடக்கும்போது, முரண்பாடு கண்டுபிடிக்கப்பட்டதாகத் தோன்றுவதில்லை, அறிவிக்கப்பட்டதாகவே தோன்றுகிறது. விளையாட்டில் பாஸ்போர்ட் நம் கையில் வெகுநேரம் உறுத்திக்கொண்டே இருந்த பொருள். தொடரில் அது தேவைப்படும் கணத்தில் வந்து தேவை தீர்ந்ததும் போய்விடும் பொருள். தடயம் அதே தடயம்தான், அதன் எடை மட்டும் இல்லை.

இதற்கு உடனே ஒரு பதில் வரும். தொலைக்காட்சியில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், பார்ப்பவருக்காக அது நிற்க முடியாது, ஊடகத்தின் இயல்பையே குற்றமாகச் சொல்வது நியாயமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் துப்பறியும் கதை, நிறுத்த முடியாத வடிவங்களிலும் நிறுத்தக் கற்றுக்கொண்டு வெகுகாலமாகிறது. எல்லரி குயீன் நாவல்கள் 1929 முதலே, தீர்வுக்கு முன் கதையை நிறுத்தி, எல்லாத் தடயங்களும் உங்கள் முன் இருக்கின்றன, இப்போது சொல்லுங்கள் என்று வாசகருக்குச் சவால் விட்டன. அதே துப்பறிவாளரை 1975இல் அமெரிக்கத் தொலைக்காட்சி எடுத்தபோது, நாயகன் கேமராவைப் பார்த்துப் பார்வையாளரிடமே விடையைக் கேட்டான். அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். ஜப்பானின் ஃபூஜி தொலைக்காட்சியில் 1994இல் தொடங்கிய 'ஃபுருஹாட்டா நின்சபுரோ', கோக்கி மித்தானி எழுதி மசகஸு தமுரா நடித்த தொடர், கொலையாளியை முதலிலேயே காட்டிவிடும் கதைகளைத்தான் சொன்னது. தீர்வு வருவதற்குச் சற்று முன் சுற்றுப்புறம் இருண்டு, ஃபுருஹாட்டா மீது மட்டும் வெளிச்சம் விழும். அவர் நம்மைப் பார்த்து, குற்றவாளி எங்கே சறுக்கினார் என்று கேட்டுவிட்டுப் போவார். சில வினாடிகள்தான். அந்தச் சில வினாடிகளில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஏஸ் அட்டர்னியை அனிமேயாக்கியவர்களுக்கு இந்த வழி அந்நியமானதல்ல, அவர்களுடைய நாட்டின் வெகுஜனத் தொலைக்காட்சியே போட்டுக்கொடுத்த பாதை. சாட்சியின் வாக்கியங்களை ஒரு முறை வரிசையாகத் திரையில் நிறுத்தியிருந்தால் போதும். ஆதாரப் பட்டியலை ஒரு கணம் விரித்துக் காட்டியிருந்தால் போதும். ஆகவே நான் குறை சொல்வது ஊடகத்தின் எல்லையை அல்ல, எடுத்த முடிவைத்தான்.

குறுக்கு விசாரணையோடு இது நிற்கவில்லை. விளையாட்டின் மறுபாதி விசாரணைப் படலம்: குற்றம் நடந்த இடத்துக்குப் போவது, அலமாரியையும் ஜன்னலையும் ஆராய்வது, கண்டவரோடெல்லாம் பேசுவது. வழக்குக்குத் துளியும் பயன்படாத ஏராளமான பேச்சு அதில் உண்டு. எந்த வழக்கிலாவது ஓர் ஏணி கண்ணில் பட்டால், அதைச் சாய்ப்பு ஏணி என்பதா மடக்கு ஏணி என்பதா என்று ஃபீனிக்ஸும் அவன் உதவியாளரான மாயாவும் விளையாட்டுக்கு விளையாட்டு சண்டை போடுவார்கள். அந்தப் பொருளைத் தொட்டுப் பார்க்காமல் போனவருக்கு அந்தச் சண்டை தெரியவே தெரியாது. தேவையற்றவை என்று வெட்ட மிக எளிதான பகுதிகள் இவைதான், அனிமேயும் பெருமளவு வெட்டியது. முதல் விளையாட்டை முடிக்க மட்டுமே பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். முதல் பருவம் முழுவதையும் பார்த்து முடிக்கப் பத்து மணி நேரம்கூட ஆகாது, அதற்குள் இரண்டு விளையாட்டுகள். எதையாவது வெட்டியே ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாயா என்ற பெண்ணோடு நமக்கு ஏற்படும் நெருக்கம் வழக்கின் முக்கியத் திருப்பங்களில் உருவாவதில்லை. நாமாகத் தேடிப் போய்க் கேட்ட அந்த வீண்பேச்சில்தான் அது உருவாகிறது. இரண்டாவது விளையாட்டின் கடைசி வழக்கில் அவள் கடத்தப்படும்போது நெஞ்சு பதறுவது, அத்தனை மணி நேரம் அவளோடு அலைந்திருப்பதால். தொடரில் அவள் சுறுசுறுப்பான, சிரிக்கவைக்கும் துணைப் பாத்திரம். அவளுக்கு ஆபத்து என்றால் கவலைதான் வருகிறது, இழப்பு பற்றிய பயம் வருவதில்லை.

ஃபீனிக்ஸின் குருவான மியாவின் மரணமும் இப்படித்தான். முதல் வழக்கில் மியாதான் பக்கத்தில் நின்று, ஆதாரத்தை எப்படிப் பார்ப்பது, சாட்சியை எங்கே மடக்குவது என்று கற்றுத்தருகிறாள். ஃபீனிக்ஸுக்கு மட்டுமா? பொத்தான்களை எப்படி அழுத்துவது என்று நமக்கும் அவள்தான் கற்றுத்தருகிறாள். இரண்டாவது வழக்கின் தொடக்கத்தில் அவள் கொல்லப்படுகிறாள். விளையாடுபவருக்கு அப்போது நிஜமாகவே வழிகாட்டி இல்லாமல் போகிறது. ஒரு பாத்திரத்தின் துக்கத்தை விளையாடுபவரின் நிராதரவான நிலையாக மாற்றிய இந்தத் தந்திரம், என் கணிப்பில், டக்குமியின் எழுத்தில் மிக நுட்பமான இடம். அனிமேயில் மியா முதல் எபிசோடில் அறிமுகமாகி அடுத்ததிலேயே இறந்துபோகிறாள். நமக்கு அவள் எதையும் கற்றுத்தந்ததில்லை. சம்பவம் மாறவில்லை, அது நடக்கும் மனம்தான் வேறு.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. துப்பறியும் கதை படிப்பவர்களில் பெரும்பாலோர் புதிரை அவிழ்க்க முயல்வதே இல்லை, கதை போகும் போக்கில் மகிழ்ந்துவிட்டுப் போகிறார்கள், அப்படியிருக்க அனிமே பார்ப்பவரை ஏன் துப்பறிவாளராக்க வேண்டும் என்பது அது. கேள்வியின் முதல் பாதி உண்மை. ஆனால் பொதுவாகத் துப்பறியும் கதைகளுக்கு இருக்கும் ஒரு வசதி ஏஸ் அட்டர்னிக்கு இல்லை. போய்ரோவையோ ஹோம்ஸையோ படிக்கும்போது, நம்மைவிடப் பல படி மேலே நிற்கும் ஒரு மூளையை வியப்பது தனி இன்பம். ஃபீனிக்ஸ் அப்படிப்பட்ட மேதை இல்லை. அவன் தடுமாறுகிறான், கையில் ஒன்றுமில்லாமல் எல்லாம் இருப்பதுபோல் சவடால் பேசுகிறான், தோற்கும் விளிம்பில் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறான். விளையாடுபவரின் அறிவு வந்து நிரப்பட்டும் என்றே அந்தப் பாத்திரத்தின் நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். விளையாடுபவரை எடுத்துவிட்டால், தடுமாறுகிற ஒருவனுக்கு ஒவ்வொரு முறையும் எங்கிருந்தோ விடை கிடைத்துவிடுகிறது என்ற தோற்றமே மிஞ்சும். எல்லா விளையாட்டுகளுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது. 'ஸ்டெயின்ஸ்;கேட்' 2011இல் அனிமேயாகி அழகாகப் பொருந்தியதற்கு ஒரு காரணம், அந்த மூலத்தில் விளையாடுபவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு, நாயகனின் மனமே கதையைச் சுமந்தது. 'டங்கன்ரொன்பா' 2013இல் வெறும் 13 எபிசோடுகளில் மூச்சு முட்ட ஓடியது. ஆனாலும் வாக்கியங்களைத் துப்பாக்கிக் குண்டால் துளைக்கும் விளையாட்டின் காட்சிமுறையை அது கைவிடவில்லை. எந்த வாக்கியம் உடைகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அவசரத்திலும் வாதத்தின் உருவத்தைக் காப்பாற்றலாம் என்பதற்கு அது சான்று.

ஓவியத்தைப் பற்றி வந்த கண்டனங்கள்தான் அதிகம். தொடக்க எபிசோடுகளின் கோடுகள் தளர்வானவை, நீதிமன்றக் காட்சிகளில் உயிர் குறைவு, மறுக்க முடியாது. ஆனால் கூடுதல் பணமும் ஆட்களும் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. கேம் பாய் அட்வான்ஸின் திரை 240க்கு 160 புள்ளிகள். அதில் ஒரு பாத்திரத்துக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில தோரணைகள்: மேசையில் கை அறைவது, விரல் நீட்டுவது, வியர்த்து விழிப்பது. ஒரு தோரணையிலிருந்து இன்னொன்றுக்கு நடுவே அசைவே இல்லாமல் படம் தாவும். அந்தத் தாவலோடு சத்தமும், நின்றுபோகும் இசையும், எழுத்து எழுத்தாக விழும் உரையும் சேரும்போது அறை வாங்கியதுபோல் இருக்கும். முதல் விளையாட்டுக்கு மசகஸு சுகிமோரி அமைத்த இசையில், குறுக்கு விசாரணைக்கு நிதானமான ஒரு மெட்டும், சாட்சி நெருக்கப்படும்போது வேகமெடுக்கும் இன்னொரு மெட்டும் உண்டு. எப்போது மாறுவது என்பதை வாதத்தின் நிலைதான் தீர்மானிக்கிறது. அனிமேயின் வேலையோ தோரணைகளுக்கு நடுவே உள்ள அசைவை வரைந்து நிரப்புவது. நிரப்ப நிரப்ப அறை மழுங்குகிறது. இயக்குநர் அயுமு வாத்தனாபே திறமையற்றவர் அல்லர். 'ஸ்பேஸ் பிரதர்ஸ்' தொடரை நிதானமாக நடத்திச் சென்றவர், 2019இல் 'சில்ட்ரன் ஆஃப் த சீ' என்ற மலைக்கவைக்கும் படத்தைத் தந்தவர். மெல்ல விரியும் உணர்வுதான் அவருடைய பலம். வெட்டி வெட்டித் தாவும் ஒரு வடிவம் அவர் கையில் சேர்ந்தது.

அந்தப் பலம் பொருந்திய இடங்களில் தொடர் எழுந்து நிற்கிறது. முதல் விளையாட்டின் நான்காவது வழக்கில், அதுவரை எதிரியாக நின்ற அரசு வழக்கறிஞர் எட்ஜ்வொர்த்தே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நீதிமன்ற லிஃப்டில் அவருடைய தந்தை சுடப்பட்ட வழக்கு, காலாவதியாகும் விளிம்பில், மறுபடி எழுகிறது. விளையாட்டில் அந்தப் பழைய நாளைச் சில அசையாப் படங்களும் உரையும் மட்டுமே சொல்கின்றன. மூச்சுக் காற்று குறையும் ஓர் இருட்டுப் பெட்டிக்குள் ஒரு சிறுவன் என்ன பார்த்தான், என்ன பார்த்ததாகத் தவறாக நம்பினான் என்பது, அசையும் படத்துக்கு இயல்பாகக் கைகூடும் விஷயம். அந்த வழக்கு முடிந்ததும் வரும் பதின்மூன்றாவது எபிசோட், ஃபீனிக்ஸ், எட்ஜ்வொர்த், லாரி மூவரின் பள்ளி நாட்களைச் சொல்லும் புதுக்கதை. விளையாட்டில் இது கிடையாது. அந்த நட்பை விளையாட்டு ஒரு வகுப்பறைச் சம்பவமாகவும் சில நினைவுகளாகவும் தொட்டுவிட்டுப் போகிறது. அனிமேயோ அதை நம் கண்முன் வாழவிட்டது. வெட்டி எறிந்த வீண்பேச்சின் வேலையை இங்கே வேறொரு வழியில் செய்துகாட்டினார்கள்: பாத்திரங்களோடு நம்மைச் சும்மா இருக்கவிட்டார்கள். வழக்குகளைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு முழு எபிசோடை இதற்குக் கொடுத்ததுதான் முதல் பருவத்தின் சரியான முடிவு. இதே துணிச்சல் மாயாவுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது விளையாட்டின் கடைசி வழக்கு இந்த வாதத்துக்கு ஒரு சோதனை. நாம் யாருக்காக வாதாடுகிறோமோ அவர் குற்றவாளி என்று பாதியில் தெரிகிறது. மாயாவின் உயிர் அவர் விடுதலையில் தொங்குகிறது. உச்சத்தில் விளையாட்டு கேட்கிறது: குற்றவாளி என்பாயா, நிரபராதி என்பாயா? எதைத் தேர்ந்தாலும் கதை ஒரே திசையில்தான் போகும். ஆனால் தேர்ந்த பாவம் நம்முடையது. அடுத்து வரும் சிக்கலில் தவறான ஆதாரத்தை நீட்டினால் குற்றவாளி தப்பிவிடுவான், ஃபீனிக்ஸ் நீதிமன்றத்தை விட்டு ஓடிப்போவான், கதை அங்கேயே சோகமாக முடிந்துவிடும். அந்த முடிவைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. அனிமேயில் தோல்விக்கு வழியே இல்லை, ஆகவே நம் பங்கும் இல்லை. ஆனால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: தொடரில் இந்த வழக்குதான் மற்றவற்றைவிட இறுக்கமாக நிற்கிறது. காரணம், இங்கே புதிர் பின்னால் போய் அறச்சிக்கல் முன்னால் வந்துவிடுகிறது. கட்சிக்காரரைக் காப்பதா, உண்மையைக் காப்பதா என்ற தவிப்பைப் பார்த்தே உணர முடியும்; அதற்குப் பொத்தான் தேவையில்லை.

தொடருக்காகப் பேசுபவர்கள் ஒளிபரப்பு நேரத்தையும் சொல்வார்கள். சனிக்கிழமை மாலை 5:30க்குக் குடும்பத்தோடு பார்க்கும் நேரம், குழந்தைகளும் உட்கார்ந்திருப்பார்கள், வேகமும் எளிமையும் வேண்டும். இது உண்மைதான், ஆனால் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது: விடுகதை போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிடக் குழந்தைகளுக்குப் பிடித்த வேறொன்று எது? 2012இல் இதே விளையாட்டை வைத்துத் தகாஷி மீக்கே எடுத்த திரைப்படத்துக்கு இருந்தது 135 நிமிடங்கள் மட்டுமே. ஆனாலும் ஆதாரங்களை அந்தரத்தில் ஒளிப்படங்களாக மிதக்கவிட்டு, வழக்கறிஞர்கள் அவற்றை எதிராளியை நோக்கி வீசி எறியும்படி செய்தார் அவர். கதையில் பலதைக் கைவிட்டது அந்தப் படம். ஆனால் ஆதாரம் என்பது கையில் எடுத்து ஓங்கும் ஆயுதம் என்ற உணர்வைக் கைவிடவில்லை. எதைக் காப்பது, எதை விடுவது என்று யோசித்து எடுத்த படம் அது. முதல் பருவ அனிமேயில் பல வாரங்களில் அந்த யோசனையின் தடம் தெரியவில்லை.

இரண்டாம் பருவம் எல்லா வகையிலும் மேம்பட்டது. கோடுகள் உறுதியானவை, வழக்குகளுக்கு மூச்சுவிட இடமுண்டு, ரயிலில் நடக்கும் ஒரு புதிய வழக்கைச் சொந்தமாக எழுதிச் சேர்க்கும் தைரியமும் உண்டு. ஆனால் மூன்றாவது விளையாட்டில் டக்குமி வைத்த பெரிய திருப்பமே, நாம் யாராக விளையாடுகிறோம் என்பதை மாற்றியதுதான். தொடக்க வழக்கில் நாம் ஃபீனிக்ஸ் அல்ல, இளம் மியா. காதலில் மயங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூண்டில் நிற்கும் கல்லூரி மாணவனான ஃபீனிக்ஸ் நம் கட்சிக்காரன். இரண்டு விளையாட்டுகள் முழுக்க அவன் கண்ணால் உலகைப் பார்த்த நாம், முதன்முறையாக அவனை வெளியிலிருந்து பார்க்கிறோம். இறந்துபோன ஆசிரியையின் இடத்தில் நின்று அவனைக் காப்பாற்றுகிறோம். கடைசி வழக்கில் இன்னொரு மாற்றம்: ஃபீனிக்ஸ் நடக்க முடியாமல் படுத்திருக்க, பழைய எதிரி எட்ஜ்வொர்த்தாக நாம் தற்காப்பு வக்கீல் மேசைக்குப் பின்னால் நிற்கிறோம். அனிமே இரண்டு வழக்குகளையும் சிரத்தையோடு சொல்கிறது. ஆனால் அதன் பார்வையாளர் முதல் எபிசோடிலிருந்தே ஃபீனிக்ஸை வெளியிலிருந்துதான் பார்த்துவருகிறார். அவருக்கு இந்த இடமாற்றம் ஒரு முன்கதை, அவ்வளவுதான். மூன்று விளையாட்டுகளும் ஒரே தொகுப்பாகப் பல கருவிகளுக்கு 2019இலேயே வந்துவிட்டன. விளையாட்டையும் அனிமேயையும் இனிமேல்தான் தொடப்போகிறவர் அந்தத் தொகுப்பில் தொடங்கட்டும். அனிமேயில் அந்தப் பதின்மூன்றாவது எபிசோடையும், எட்ஜ்வொர்த்தின் லிஃப்ட் வழக்கையும், இரண்டாவது விளையாட்டின் கடைசி வழக்கையும் அதற்குப் பிறகு பார்க்கட்டும். அந்த வரிசையில் பார்க்கும்போது, அனிமே தொலைத்ததை அவர் ஏற்கெனவே கையில் வைத்திருப்பார். அது புதிதாகத் தருவதும் அவருக்குக் கிடைக்கும்.